முஸ்கான் ஒருநாளும் வரவில்லை என்ற பதிவு

அனுப்புநர்:
ஹாஜிரா பீவி,
க/பெ. ஜகபர் சாதிக்,
கோட்டக்குப்பம், வானூர் வட்டம்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: இறந்துபோன மகள் இணைய வகுப்புக்குத் தினமும் வருவதாகவும், உயிரோடிருக்கும் மகள் ஒருநாளும் வரவில்லை என்றும் பதிவாவதைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அர்ஷியாவும் முஸ்கானும் எனக்கு ஒரே பிரசவத்தில் ஒரே முகத்தோடு பிறந்த பெண்கள், பத்தாம் வகுப்பு. திண்டிவனத்திலுள்ள தனியார் பயிற்சி மையம் ஒன்றின், கம்ப்யூட்டரே பாடம் நடத்தும் இணைய வகுப்பில் சென்ற ஜூனில் சேர்த்தேன். பட்டியலில் இரண்டு பெயரும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் ஒரு எண்ணுக்கு ஒரு பெயரில்தான் வகுப்பு திறக்குமாம். எங்களிடம் இருந்தது ஒரே செல்போன். அதில் அர்ஷியாவின் பெயரையும் முகத்தையும் பதிந்தார்கள். "ரெண்டும் ஒண்ணா குந்திக்கினு படிக்கட்டும்மா, இன்னொரு பேரை அப்புறம் ஏத்திக்கலாம்" என்றார் பொறுப்பாளர் கோகுலகிருஷ்ணன். நானும் தலையாட்டினேன். அது என் தப்புதான்.

2. 9.11.2024 அன்று அர்ஷியா டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். பத்து நாள் கழித்து முஸ்கான் செல்போனை எடுத்தாள். முகத்தைக் காட்டினால்தான் அந்த வகுப்பு திறக்கும். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வா அர்ஷியா, பத்து நாளாக உன்னைக் காணோமே" என்றது. அடுப்படியில் இருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன்.

3. அன்றுமுதல் மஸ்கட்டில் வேலை செய்யும் என் கணவருக்குத் தினமும் செய்தி போகிறது: 'உங்கள் மகள் அர்ஷியா இன்றும் தவறாமல் வந்தாள்.' மகளை அடக்கம் செய்த ஜனாஸாவுக்கு வர முடியாமல் போன மனிதர் அவர். அதை நிறுத்தச் சொல்லாதே என்கிறார்.

4. முஸ்கானுக்கு வேறு எண் வாங்கிப் பதிந்து பார்த்தேன். இந்த முகத்துக்குரிய மாணவி ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கிறார் என்று தள்ளிவிட்டது. இறப்புச் சான்றிதழோடு இரண்டு முறை திண்டிவனம் போனேன். "கம்ப்யூட்டர்ல அந்தப் பொண்ணு டெய்லி வந்துக்கினு இருக்குதேம்மா. பேசாம அர்ஷியா பேர்லயே இது பரீட்சை எழுதிட்டுப் போவட்டும்" என்றார் அதே பொறுப்பாளர். வரும் மார்ச் 9 அன்று மையம் நடத்தும் தேர்வில் தேறினால்தான் விடுதியுள்ள பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம். வருகை இல்லாதவர் அதை எழுத முடியாது.

5. எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. அர்ஷியா தப்பு விட்ட கணக்குகளையே அந்த வகுப்பு இவளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த முஸ்கான் இப்போது அதே இடத்தில் தப்பு விடுகிறாள். நோட்டிலும் அக்கா பெயரையே எழுதுகிறாள். கேட்டால், "தெனமும் அந்தப் பேர்லதான் கூப்புடுது, வந்துட்டேன்னு சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சும்மா" என்கிறாள்.

6. பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் நடத்துகிறவர்கள், ஒரு செல்போனில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று முதலில் கேட்கட்டும். வாரம் ஒருமுறையாவது ஓர் ஆசிரியர் பிள்ளையோடு பேசட்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. யாராவது ஒரு மனுஷர் பேசியிருந்தாலும் எங்கள் வீட்டில் அர்ஷியா மவுத் ஆனது தெரிந்திருக்கும்.

ஆகவே அர்ஷியாவின் பதிவை மூடி, நவம்பர் 19 முதல் உள்ள வருகையை முஸ்கானுக்கு எழுதி, அவள் பெயரிலேயே தேர்வெழுத வைக்க மையத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். இறப்புச் சான்றிதழின் நகல் இணைத்துள்ளேன். உயிரோடிருப்பதற்கு என்ன சான்றிதழ் வைப்பதென்று தெரியாததால் முஸ்கானையே அழைத்து வந்திருக்கிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தயவுசெய்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பாவிட்டால் இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.

இடம்: விழுப்புரம்
நாள்: 17.02.2025

இப்படிக்கு,
(ஒப்பம்) ஹாஜிரா பீவி
முஸ்கானின் தாய்