சுரண்டாமல் விட்ட கிண்ணம்

என் அன்புக் காக்கா,

ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். உங்களிடம் ஸலாம் சொல்லாமல் உங்கள் தங்கச்சி ஒரு நாளும் கதை தொடங்கியதில்லை. ஊரில் எல்லாரும் கல்லோயா அணைக்கட்டுத் தண்ணீரைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். எனக்கு நீங்கள் செய்த தூளைத் தவிர வேறு நினைப்பில்லை.

நீங்கள் இறந்த நாற்பதாம் நாள் ஓதிய கத்தத்துக்கு வந்தவர்கள் உங்கள் வீட்டு நெய்ச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே “நல்ல மனிசன்” என்றார்கள். அதற்குப் பிறகு ஓர் இழுவை இருந்தது. மினுங்காத தூளை மினுங்குகிறது என்று சொல்லி ஊரை ஏமாற்றப் பார்த்த சயன்ஸ் மாஸ்டர் என்பதுதான் அந்த இழுவைக்குப் பொருள். நான் சோற்றை விட்டு எழுந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். செம்பும் அயடீனும் செத்த மீன் வாடை வீசும் ஒரு திராவகமும் சேர்த்து நீங்கள் செய்த பளிங்குத் தூள் அது. வெயிலில் பார்த்தால் வெறும் உப்பு மாதிரி இருக்கும். என்னைக் கட்டிய மாப்பிள்ளையின் ஊதா விளக்கைப் பிடித்தால் மஞ்சளாக எரியும். அவர் மாணிக்கக்கல் வியாபாரி. கல் பொய்யா மெய்யா என்று பார்க்கக் கொழும்பில் வாங்கிய விளக்கு, லொறிப் பெட்டரியில் வேலை செய்வது. நோன்புக்கு முன்னர் எங்கள் அறை ஜன்னலைப் பாயால் மூடி, மூன்று பேரும் பார்த்தோமே.

பெருநாள் கழிந்து பள்ளிக்கூட மண்டபத்தில் பெற்றாரைக் கூட்டினீர்கள். அன்றைக்கென்று புதிதாகச் செய்த தூள். விளக்கைப் பிடித்தால் அடுப்புச் சாம்பல் போல் கிடந்தது. விளக்கு வைத்திருந்தவரின் வாய் சும்மா இருந்ததா?

“மச்சான், முந்தி மினுங்கினதுக்குள்ள என்னத்தையோ கலந்திருக்கீங்க. இண்டைக்குக் கலக்க மறந்திட்டீங்க.”

மண்டபமே சிரித்தது. நீங்கள் தலை குனிந்து கிண்ணத்தைத் துணியில் சுற்றினீர்கள். அடுத்த மழைக்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டு போய்விட்டது.

எனக்கு அவர் மேல்தான் சந்தேகம். கல் வியாபாரிக்குச் சாமான் மாற்றத் தெரியாதா? அன்று காலையில் நீங்கள் கிண்ணத்தை எங்களிடம் தந்துவிட்டு முன்னால் போனீர்கள். பஸ்ஸில் அது அவர் மடியில்தான் வந்தது. அதன் பிறகு அவர் பேசாமல் இருந்தால் எதை மறைக்கிறார் என்று பார்த்தேன். சிரித்துப் பேசினால் எதற்காகப் பேசுகிறார் என்று பார்த்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இந்த மனிதரோ நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

மதினியிடம் கேட்டு, மண்டபத்தில் மினுங்காமல் போய் நீங்கள் போத்தலில் போட்டு வைத்த தூளையும் திராவகத்தையும் உங்கள் பழைய கிண்ணத்தையும் வாங்கி வந்தேன். மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். இது எனக்குச் சீதனமாக வந்த வீடு, எது எங்கே இருக்கும் என்று நான்தான் சொல்வேன். அவர் எதை மாற்றி வைத்தார் என்று பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கல்முனைக் கடைத்தெருவில் புதுக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வாங்கினேன். நீங்கள் செய்வதுபோல் அந்தத் தூளைத் திராவகத்தில் சுடுமணல் மேல் வைத்துக் கரைத்து, அதில் ஊற்றிப் பளிங்கு கட்ட விட்டேன்.

விளக்கைப் பிடித்தால், காக்கா, மஞ்சளாக எரிந்தது. நான் வேறொன்றும் சேர்க்கவில்லை. மினுங்காத அதே தூள்தான்.

முதலில் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். பிறகு புதுக் கிண்ணத்தை. மிச்சக் கரைசலை ஆறவைத்து உங்கள் பழைய கிண்ணத்தில் ஊற்றினேன். அதில் கட்டியது பழையபடி சாம்பலாகக் கிடந்தது. ஊற்றும்போதே அடியில் ஒரு சிட்டிகைத் தூள் ஒட்டியிருந்ததைக் கண்டேன். நம் உம்மா சோற்றுப் பானையை அடிவரை சுரண்ட விடமாட்டாரே, ஒரு பிடி கிடந்தால்தான் பறக்கத்து, வீட்டில் குறைவு வராது என்று. நீங்கள் தூளுக்கும் அப்படியேதான் செய்தீர்கள், இல்லையா?

கரியும் வைரமும் ஒரே சாமான், உள்ளே அடுக்கியிருக்கிற விதம்தான் வேறு என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். உங்கள் தூளுக்கும் இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். ஒன்று மினுங்கும், மற்றது மினுங்காது. விட்ட சிட்டிகை மினுங்கும் வகையாக இருந்தவரை புதியதும் அதைப் பார்த்தே அடுக்கியது. நோன்பு மாதம் முழுவதும் வெக்கையில் கிடந்து அது மற்ற வகையாக மாறிவிட்டது. புளித்த தயிரை உறை விட்டால் சட்டி முழுவதும் புளிக்காதா?

யாரும் கலக்கவில்லை, யாரும் மாற்றவில்லை. பறக்கத்துக்காக விட்ட சிட்டிகைதான் உங்கள் மானத்தைத் தின்றது. நினைத்தால் அழுகை வருகிறது. கூடவே உங்கள் மேல் கோபமும் வருகிறது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு கிண்ணத்தையும் காட்டினேன். அவர் மோந்து பார்த்தார், புதுக் கிண்ணத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். இப்போது அவருக்கு என் மேல் சந்தேகம்! தன் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்றார். இன்னொரு புதுக் கிண்ணம் வாங்கி வந்து அவரே கரைத்தார், அவரே ஊற்றினார். மஞ்சள் எரிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலை மூடியிருந்த பாயைச் சுருட்டினார்.

“நான் மண்டபத்தில சொன்னன். மண்டபத்திலதான் திருப்பிச் சொல்லோணும்.”

வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் மண்டபம் தருவதாக அதிபர் ஒத்துக்கொண்டார். அதே பெற்றாரை அழைத்திருக்கிறோம். அவரை நம்பிவிட்டேனா என்று கேட்பீர்கள். விளக்கு அவர் கையில் வரட்டும். கிண்ணம் என் மடியில்தான் வரும்.

சோற்றுப் பானையில் ஒரு பிடி எப்போதும் கிடக்கும், காக்கா. ஆனால் அடுத்த கத்தத்தில் “நல்ல மனிசன்” என்பவர்கள் அதோடு நிறுத்துவார்கள். நான் நிறுத்த வைப்பேன்.

ஊரையே சந்தேகித்தும் உங்களை மட்டும் சந்தேகிக்காத,
உங்கள் தங்கச்சி