மீன் ஐஸில் வளர்த்த கொலம்பைன்

அன்புவழிபுரம், திருகோணமலை
12.3.1968

மலைக் குளிரில் மகாராணியாக இருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

நெஞ்சு எக்ஸ்ரேயில் இப்போது கறை ஒன்றும் இல்லை, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்னாராமே! உமது கடிதத்தை வாசல் படலையடியில் நின்றே நாலு தரம் வாசித்தேன். தபால்காரர் பயந்துபோய், "ஐயா, தண்ணி ஏதும் வேணுமோ?" என்று கேட்டார்.

இனி உண்மையைச் சொல்லலாம். ஆஸ்பத்திரித் தோட்டத்திலிருந்து நீர் அனுப்பிய கொலம்பைன் பூவிதை முளைக்கவே இல்லை. இலை விட்டது, மொட்டு வைத்தது, ஊதா நிறத்தில் பூத்தது என்று மூன்று மாதமாக நான் எழுதியதெல்லாம் புளுகு.

விதைக்குக் குளிர் வேண்டும் என்று எழுதியிருந்தீர். இந்த வெயிலில் குளிருக்கு எங்கே போவது? துறைமுகத்தில் மீன் பெட்டிக்குப் போடும் ஐஸை வாங்கிவந்து பூச்சட்டியில் கொட்டினேன். ஊர்ப் பூனைகள் எல்லாம் மோப்பம் பிடித்து வந்து மண்ணைக் கிளறிவிட்டன. பக்கத்து வீட்டுத் தங்கரத்தினம் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பூக்கண்டு வைக்கிறீரோ, கருவாடு போடுறீரோ?"

"ரெண்டும்தான் அக்கா."

அன்று பின்னேரமே சந்தி முழுக்க அதுதான் கதை.

விதை செத்துப்போனது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த நாட்களில் உமது எழுத்து வரவர நடுங்கிக்கொண்டு வந்தது.

வந்ததும் புளுகன் என்று என்னைத் திட்டும். இருமாமல், இடையில் மூச்சு வாங்காமல், நீர் கடைசிவரை திட்டி முடிப்பதை நான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உமது பொய்த் தோட்டக்காரன்