ஷாலினியின் போனுக்கு வந்த சொல்

என் செல்லத் தங்கச்சி ஷாலினிக்கு,

உன் போனை அம்மா இன்னும் அணைக்கவிடவில்லை. தினமும் சார்ஜ் போட்டு உன் படத்துக்கு முன்னால் வைக்கிறாள். நீ போட்டுவைத்த அகராதிச் செயலிக்கு நீ செத்துப்போனது எப்படித் தெரியும்? காலையானால் ஓர் அபூர்வ ஆங்கிலச் சொல்லை, அது பிறந்த கதையோடு அனுப்பிவிடுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் உன் அறையில் யாரோ விழித்துக்கொண்ட மாதிரி இருக்கும். "பாப்பாவுக்கு என்னமோ வந்திருக்கு, படிடா" என்று அம்மா கொண்டுவந்து நீட்டுவாள்.

போன மாதம் 'பெட்ரிகோர்' வந்தது. மழை பட்ட மண்ணின் வாசனை. கிரேக்கத்தில் கல்லும் தேவர்களின் ரத்தமும் சேர்ந்த சொல்லாம். ரந்தாவ் எஸ்டேட்டில் இருந்தபோதே இதை எனக்குச் சொல்லியிருக்கிறாய். "நமக்கு மழை பேஞ்சா புல்லு மருந்து நாத்தம்தான்லா வருது" என்று சிரித்தாய். அந்தக் களைக்கொல்லியை முதுகில் சுமந்து அடித்தே அப்பா மூச்சுவிட முடியாமல் போனார். அதற்கு எந்த மொழியில் சொல் இருக்கிறது?

நேற்று வந்தது 'பறையா'. எல்லோரும் ஒதுக்கியவன் என்று பொருள். சிரம்பான் டவுனில் நீ வேலை செய்த கடையில் தெருநாயை அப்படித்தான் விரட்டினார்கள். அதன் வேரைத் தேடிப் பார்த்த அன்று நீ சாப்பிடவில்லை. தமிழிலிருந்து போன சொல். பறை அடித்தவர்களின் பெயர், நம் பெயர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கடைசியாகக் கேட்டதும் அதுதான்: உன் சாவுக்கு அப்பாவின் பறையை அடிக்க வேண்டும்.

அம்மா விடவில்லை. எஸ்டேட்டை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்ததிலிருந்து அந்தப் பறை கட்டிலுக்கடியில் கிடக்கிறது. நான் இழுக்க, அவள் மறித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தச் சத்தம் கேட்டா நாம யாருன்னு தெரிஞ்சிடும்டா."

ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு போட்டு உன்னை அனுப்பினோம்.

நேற்றைய சொல்லுக்கும் அம்மா பொருள் கேட்டாள். மழுப்பாமல் சொன்னேன். போனை வாங்கி மறுபடி உன் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"பாப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும்மா. தெரிஞ்சுதான் பறை கேட்டா."

சனிக்கிழமை உன் வருஷத் திவசம். இன்று காலை பறையை அவளே வெளியே எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். தோலில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே யாருடைய குரல் கேட்டதோ, கேட்க எனக்குத் துணிவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அடிக்கிறப்ப கதவைச் சாத்திக்கலாமாடா?"

எனக்கு அவள்மேல் கோபமில்லை. சொந்த மகளுக்காக அடிக்கும் பறையைக்கூடக் கதவுக்குப் பின்னால் ஒளிக்கச் சொல்லிக் கொடுத்தவர்களை மன்னிக்க மாட்டேன்.

கதவைச் சாத்த மாட்டேன், ஷாலு. தெருவில் இறங்கி நின்று அடிப்பேன்.

உனக்குக் கொள்ளி வைத்த உன் அண்ணன்,
குமரன்