பக்கத்திலை நிண்டவ

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
4 ஜூன் 2023, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சி சிவாஜினிக்கு,

நானும் அத்தானும் சுகம். நீயும் ஜோன்சனும் பிள்ளை வித்தியாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நினைக்கத்தானே முடியும், போன் அடித்தால் எடுக்க உன்னிடம் போன் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு முத்திரை வாங்கினேன். எங்கே ஒட்டுவது என்றுகூட ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது.

போன மாதம்வரை மூன்று தெரு தள்ளி இருந்தாய். இப்போது ஷெர்ப்ரூக் பக்கம், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கோயிலில் எல்லோரும் கேட்கிறார்கள். பாலம் கட்டும் என்ஜினியர் வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்கப் போய்விட்டாள் என்று எப்படிச் சொல்வது? அத்தான் கேட்கிறார், "கறண்ட், கார் வேண்டாமெண்டு இருக்கிற அமிஷ் ஆக்கள் மாதிரியோ? குதிரை வண்டியும் வைச்சிருக்கினமோ?" வைத்திருக்கிறீர்களா?

எனக்குக் கோபமில்லை, சிவா. விளங்கவில்லை, அவ்வளவுதான். எட்டு வயதில் உன்னைக் கூட்டிக்கொண்டு இந்த நாட்டில் வந்து இறங்கும்போது எனக்கு இருபத்தொன்று. உன் கையில் மண் படக்கூடாது என்றுதானே அவ்வளவு பாடும்? இப்போது வித்தியாவையும் பள்ளிக்கூடத்தால் எடுத்துவிட்டாய். ஏழு வயதுப் பிள்ளை ஆட்டோடு என்ன படிக்கும்?

பதில் எழுது. தமிழில் எழுது.

அன்புடன்,
அக்கா

*

பண்ணை
25 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

என்னுடைய தமிழில் பிழை இருந்தால் மன்னியுங்கோ. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நீங்கள் இழுத்துக்கொண்டு போனபோது அழுத நான், இன்றைக்கு அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

குதிரை வண்டி இல்லை என்று அத்தானுக்குச் சொல்லுங்கோ. பழைய ட்ரக் ஒன்று இருக்கிறது, அதுவும் பாதி நாள் ஓடாது. ஆறு குடும்பம், ஏழு பிள்ளைகள். அவசரத்துக்குப் பொது வீட்டில் ஒரு போன். நாங்கள் அமிஷ் இல்லை, மதமும் இல்லை. ஜோன்சன் முந்தி லொறியில் ஒன்டாரியோவுக்குச் சாமான் ஏற்றிப் போகும்போது அவர்களுடைய ஊர் ஒன்றில் ஒரு தகப்பனும் மகளும் வேலி கட்டுவதைப் பார்த்தார். இரண்டு பேரும் பேசவில்லையாம். அவர் கை நீட்ட முதல் அந்தப் பிள்ளை ஆணியைக் கொடுத்ததாம். வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார், "நாங்கள் வித்தியாவுக்கு என்னத்தைக் காட்டியிருக்கிறம், ஐபாட்டைத் தவிர?"

பாடங்களை வீட்டில் சொல்லிக்கொடுக்க அனுமதி எடுத்திருக்கிறோம். மிச்ச நேரம் பிள்ளைகள் பெரியவர்களோடு நின்று வேலை பழகுகிறார்கள். "போய் விளையாடு" என்று ஒருவரும் துரத்துவதில்லை.

அக்கா, கோபிக்காதேங்கோ. முப்பது வயதுவரைக்கும் எனக்கு வெங்காயம் வெட்டத் தெரியாது. குசினிக்குள் வந்தால் "நீ போய்ப் படி" என்பீர்கள். ஒரு பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் பார்ப்பேன், ஒரு மீன் துப்பரவாக்க மாட்டேன். வித்தியாவுக்குப் பக்கத்திலேயே நான் எப்போதும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உங்களுக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை.

ஓகஸ்டில் வாங்கோ. வந்து பாருங்கோ.

உங்கள்,
சிவா

*

மொன்றியல்
27 ஓகஸ்ட் 2023, ஞாயிறு

அன்புள்ள சிவாவுக்கு,

வந்து சேர்ந்தோம். நீ சுட்டுத் தந்த பாண் வழியிலேயே முடிந்துவிட்டது. அத்தான் இன்னும் ட்ரக்குக்குக் கீழே புல்லில் படுத்த கதையைத்தான் சொல்கிறார். ட்ரக்கைத் திருத்திக் கொடுத்தது அவருக்குப் பெரிய புளுகம், வாய் நிறையச் சிரிப்பு.

நான் குழம்பிப்போய் வந்திருக்கிறேன். நான் கேட்க முதல் வித்தியா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். பெரியவர்கள் உட்காரும்வரைக்கும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. இதையெல்லாம் பதினேழு வருடமாகக் கார்டெரியில், தாய் தகப்பன் வேலைக்குப் போக எங்களிடம் விட்டுப்போகிற பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடிச் சொல்லிக்கொடுக்கிறோம், வருவதில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அதே பிள்ளையின் கையில் பெரிய கத்தி. எங்கள் இடத்தில் ஒரு கத்தரிக்கோலைக்கூடப் பெரியவர் இல்லாமல் கொடுக்க மாட்டோம்.

இன்னொன்று. அவளுடைய மணிக்கட்டுக்கு மேலே, என் விரல் நீளத்துக்கு ஒரு சுட்ட காயம். "இது என்ன செல்லம்?" என்று கேட்டேன். "வேலை செய்யேக்கை பட்டது, பெரியம்மா" என்று சொல்லிச் சட்டைக் கையை இழுத்துவிட்டாள். உன்னிடம் கேட்டேன். "பாண் சுடுற போறணையிலை பட்டிட்டுது, நான் பக்கத்திலைதான் நிண்டனான்" என்றாய். சரி. மருந்து பூசு. வெயில் படவிடாதே.

அன்புடன்,
அக்கா

*

பண்ணை
24 செப்டெம்பர் 2023

அன்புள்ள அக்கா,

பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் வந்தா. இரண்டு தரம் வந்தா. நல்ல மாதிரித்தான் கதைத்தா. வீட்டைப் பார்த்தா, போறணையைப் பார்த்தா, இரண்டாம் தரம் வித்தியாவைத் தனியாக வைத்துக் கேட்டா. கடைசியில் ஒன்றுமில்லை என்று விசாரணைக் கோவையை மூடிவிட்டார்கள். ஆனால் யாரோ ஒருவர் எங்களைப் பற்றி அவர்களுக்குப் போனில் அழைத்துச் சொல்லியிருக்கிறார். யார் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இங்கே எல்லோரும் கொலெத் என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் கண்டீர்கள், வெள்ளை முடி, தனியாக இருக்கிறவ, பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருந்தவ. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் போறணைக்குக் கிட்ட விடக்கூடாது என்று வசந்த காலக் கூட்டத்தில் அவதான் சத்தம் போட்டவ. தான் இல்லை என்று அழுகிறா. ஒருவரும் நம்பவில்லை. ஜோன்சன்தான் கூடக் கோபம். "ஒரே மேசையிலை இருந்து சாப்பிட்டிட்டு இப்பிடிச் செய்யிறதோ?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

பனி கொட்ட முதல் அவவைப் போகச் சொல்லி முடிவு எடுத்தாகிவிட்டது. லவாலில் மகனுடைய வீட்டு நிலவறையில்தான் போய் இருக்க வேணும். நானும் கை தூக்கினேன், அக்கா.

சிவா

*

மொன்றியல்
1 ஒக்டோபர் 2023, ஞாயிறு

சிவா,

கொலெத்தைப் போகச் சொல்லாதே. அழைத்தது நான்.

இந்த வரியை எழுத மூன்று நாள் எடுத்தது. ஓகஸ்ட் முடிய ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் மத்தியான நித்திரையில் இருந்தபோது, கார்டெரியில் சப்பாத்து மாட்டும் அறைக்குள் நின்று அழைத்தேன். காயத்தைக் கண்டு நான் அழைக்கவில்லை. அவள் சட்டைக் கையை இழுத்த விதம். காயத்தைப் பார்க்காதே, பிள்ளை அதை எப்படி மறைக்கிறது என்று பார் என்றுதான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தே கண் பழகிவிட்டது. இதற்கு முதல் இரண்டு தரம் வேறு பிள்ளைகளுக்காக அழைத்திருக்கிறேன். இரண்டு தரமும் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். இந்த முறை தட்டை மூடி வைத்துவிட்டேன்.

உன்னிடம் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளைக்காகவா, இல்லை, நீ பயந்து திரும்பவும் என் தெருவுக்கு வந்துவிடுவாய் என்ற ஆசையிலா? இரண்டும் இருந்திருக்கும். எது கூட என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

அத்தானிடம் நாலு நாளுக்கு முதல் சொன்னேன். "உன்ரை தங்கச்சியை நீயே காட்டிக் குடுத்திட்டாய்" என்றார். அந்தச் சொல் எங்கள் ஆட்களுக்கு, சண்டைக்குள்ளால் வந்தவர்களுக்கு, எவ்வளவு பெரிய சொல் என்று உனக்குத் தெரியுமோ என்னவோ.

நீ ஒன்பது வயதில் கேத்திலில் கொதித்த தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டாய். நான் அப்போது தையல் தொழிற்சாலையில். எங்களைப் பற்றி ஒருவரும் அழைத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னை என்னிடமிருந்து எடுத்திருப்பார்கள் என்று இன்றைக்கும் பயம். அப்படிப் பயந்த நான்தான் அழைத்தேன். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இந்தக் கடிதத்தை உங்கள் கூட்டத்தில் வாசி. கொலெத்துக்கு முன்னால் வாசி.

அக்கா

*

மொன்றியல்
5 நவம்பர் 2023, ஞாயிறு

அன்புள்ள சிவா,

ஐந்து கிழமையாகிவிட்டது. நீ எழுத மாட்டாய் என்று விளங்குகிறது. ஒன்றை மட்டும் அறிய வேணும். கொலெத் அங்கே இருக்கிறாவா? ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் எழுதிப் போடு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா

*

பண்ணை
19 நவம்பர் 2023

அக்காவுக்கு,

ஓம்.

கடிதத்தைக் கூட்டத்தில் பிரெஞ்சில் மாற்றி வாசித்தேன். "காட்டிக் குடுத்திட்டாய்" என்ற இடத்தில் சொல் கிடைக்காமல் நின்றேன். கொலெத் எழும்பிக் குசினிக்குள் போனா. கன நேரத்துக்குப் பிறகு வந்து சொன்னா, தானும் அழைக்க நினைத்தவவாம், தைரியம் வரவில்லையாம். எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள். ஜோன்சன் அவவுடைய குளிர்காலத்து விறகு முழுவதையும் தனியாக வெட்டி அடுக்கினார். உங்களோடு கதைக்க மாட்டார், இப்போதைக்கு. நானும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன்.

ஆனால் நீங்கள் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். கேத்தில் தண்ணீர் பட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் வைத்து என் காதுக்குள் குனிந்து சொன்னீர்கள், "ஆரும் கேட்டால் அக்கா பக்கத்திலை நிண்டவ எண்டு சொல்லு." நான் சொன்னேன். டொக்டர் கெட்டிக்காரப் பிள்ளை என்று ஒரு ஸ்டிக்கர் தந்தார்.

இப்போது கேளுங்கோ. அந்த அலுவலகப் பெண் இரண்டாம் தரம் வருகிற அன்று காலை வித்தியாவுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். "ஆரும் கேட்டால் அம்மா பக்கத்திலை நிண்டவ எண்டு சொல்லு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, அக்கா. வாயில் தானாக வந்தது. அவளும் அப்படியே சொன்னாள். கோவையை அதை வைத்துத்தான் மூடினார்கள். நான் பக்கத்தில் நிற்கவில்லை. உருளைக்கிழங்கு வயலில் நின்றேன். போறணையில் அவளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் மட்டும்தான். உங்களிடமும் பொய்தான் சொன்னேன்.

வெங்காயம் வெட்டப் பழக எனக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. இதை மட்டும் ஒரே நாளில் பழகி இருபத்தைந்து வருடம் மறக்காமல் வைத்திருந்திருக்கிறேன்.

போன கிழமை வித்தியா ஊறுகாய்ப் போத்தலை உடைத்துவிட்டாள். ஜோன்சன் கேட்க, "அம்மா பக்கத்திலை நிண்டவ" என்றாள். போத்தல் உடைந்தபோது நான் ஆட்டுக் கொட்டிலில் நின்றேன், அவர் கேட்கும்போதுதான் உள்ளே வந்தேன். அவளுக்கு அது பொய் என்றே தெரியாது. ஆராவது கேட்டால் சொல்கிற மறுமொழி என்று நினைத்திருக்கிறாள். ஜோன்சன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இன்னும் நான் சொல்லவில்லை.

பத்து வயதுக்குக் கீழே ஒரு பிள்ளையும் தனியாகப் போறணைக்குப் போகக்கூடாது என்று இப்போது சட்டம் போட்டிருக்கிறோம். அது நடந்துவிட்டது. மற்றதற்கு வழி தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு அழைத்து உண்மையைச் சொல்ல வேணுமா? சொன்னால் பிள்ளையை எடுப்பார்களா? சொல்லாவிட்டால் வித்தியாவுக்கு என்ன பழக்கியிருக்கிறேன்?

வாங்கோ, அக்கா. நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்து வராதேங்கோ. அது எனக்கே தெரியவில்லை. சும்மா வாங்கோ.

சிவா

*

மொன்றியல்
26 நவம்பர் 2023, ஞாயிறு

என் சிவாவுக்கு,

வருகிற சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். அத்தான் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். திங்கட்கிழமையும் லீவு கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அழைப்பதானால் அன்றைக்குத்தான் அலுவலகம் திறந்திருக்கும். அழைக்கச் சொல்லியும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீ அழைத்தால் கேத்தில் கதையை நானும் சொல்லுவேன். அதற்கு முதல் ஜோன்சனிடம் நீ சொல்ல வேணும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த ஆஸ்பத்திரி நடையை நான் எழுதாமல் விட்டது மறந்ததால் இல்லை. அதைக் கெட்டித்தனம் என்றுதான் இவ்வளவு காலமும் வைத்திருந்தேன். அன்று அப்படிச் சொல்லித் தந்திராவிட்டால் நீ எங்கேயோ, நான் எங்கேயோ. இன்றைக்கு யோசித்தாலும் வேறு என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஆனால் அது உன்னோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். பிள்ளைகள் நாங்கள் கொடுப்பதை மட்டும் எடுப்பார்கள் என்று நினைத்தது என்னுடைய மடைத்தனம்.

கார்டெரியில் ஒரு பிள்ளை பொய் சொன்னால் நாங்கள் ஏசுவதில்லை. பக்கத்தில் இருந்து வேறு மாதிரி ஒரு தரம் கேட்போம். முக்கால்வாசிப் பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிடும். அது அவர்களாகக் கண்டுபிடித்த பொய்க்கு. நானே சொல்லிக்கொடுத்து, நீ சொல்லிக்கொடுத்து, இப்போது அவள் வாயில் இருக்கிற பொய்க்கு என்ன செய்வது என்று ஒரு வகுப்பிலும் எனக்குப் பழக்கவில்லை.

வித்தியாவிடம் என்ன சொல்லுவேன் என்று இன்னும் தெரியாது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் தெரிந்தால் சரி. தெரியாவிட்டாலும் வந்து இறங்குவேன்.

அக்கா