டிக் போட்ட மூடிகள்

ஏப்ரல் 1, திங்கள்

பள்ளி விட்டதும் அப்பாவின் ஆய்வுக்கூடம். எனக்கு மட்டும் ஓய்வுக்கூடம். எலி மூளையில் மீசையின் உணர்வு போய்ச் சேரும் பகுதியை மெல்லிய சீவலாக வெட்டி, உப்புநீரில் உயிரோடு வைத்து, செல்கள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பதுதான் அப்பாவுக்கும் அவரிடம் வேலை பார்க்கும் ரோவீனாவுக்கும் பிழைப்பு. வாரம் முழுவதுக்குமான உப்புநீரை இன்றே கலந்துவிடுவார்கள். தினமும் காலையில் முதலில் வருகிறவர் அன்றைய புட்டியில் கடைசிச் சரக்கைச் சேர்த்து, மூடியில் டிக் போட வேண்டும்.

இன்று முட்டாள்கள் தினம். மிச்சமிருந்த நாலு மூடிக்கும் நானே டிக் போட்டுவிட்டேன். நாளைக்குக் கத்துவார்கள்.

ஏப்ரல் 2

கத்தவில்லை. சப்பென்று போயிற்று.

ஏப்ரல் 3, புதன்

இரண்டு நாளாகச் செல்கள் பேசவில்லையாம். காரில் அப்பாவும் பேசவில்லை. வின்னிபெக் நகரம் முழுக்கப் பனிச்சேறு. வெள்ளி மாலைக்குள் நிதி தருகிறவர்களுக்குச் செல்பேச்சுப் பதிவுகளை அனுப்பாவிட்டால் ரோவீனாவுக்கு வேலை போய்விடும்.

"எல்லாம் செத்துப்போச்சாப்பா?"

"உசிரோடதான் இருக்கு. சும்மா வா, மேவ்."

களைத்த குரல். எனக்கும் கேலி வரவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

ரோவீனா கையுறையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்திருந்தாள்.

"என்ன வாலு, இன்னிக்குச் சேட்டை இல்லையா?"

"செல்லு ஏன் பேசமாட்டேங்குது?"

"மின்துடிப்பு நுனி வரைக்கும் ஓடி வருது. அங்க குட்டிக் குட்டிப் பையில ரசாயனம் ரெடியா நிக்குது. கால்சியம் உள்ள புகுந்தாத்தான் பை திறந்து அடுத்த செல்லுக்குச் சேதி போகும். பை திறக்கவே இல்ல."

"கால்சியம் எங்கேருந்து வரும்?"

"காலையில புட்டியில கடைசியா போடுறோமே, அதான். இந்த வாரம் பூரா எனக்கு முன்னாடியே உங்கப்பா போட்டு வச்சிடுறாரு, பாவம்."

ஐயோ. அப்பா போடலையே. யாருமே போடலையே. என்னடி பண்ணி வச்சிருக்க? வாய் வரைக்கும் வந்துச்சு — திறக்கல.

ஏப்ரல் 5, வெள்ளி

காலையில் காரிலேயே சொல்லிவிட்டேன். அப்பா ஓரமாக நிறுத்தினார். கத்தியிருந்தால் தேவலாம்.

"ரோவீனா போட்டிருப்பான்னு நெனச்சேன்," என்றார். பிறகு, "மூணு எலி, மேவ். வீணா." பிறகு, "அவகிட்ட நீயே சொல்லு."

பள்ளிக்கு முன் ஆய்வுக்கூடம் போய்ச் சொன்னேன். ரோவீனா என்னைப் பார்க்கவே இல்லை. கடைசிப் புட்டியின் மூடியைத் திருகினாள்.

மாலை திரும்பி வந்தபோது திரையில் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. ஆறு செல்கள். குறைந்தது பத்து வேண்டும். ஆறையே அனுப்பினார்கள்.

ஏப்ரல் 15, திங்கள்

ரோவீனாவுக்கு மூன்று மாதம் நீட்டிப்பு. மூன்றே மாதம். டிக்குக்குப் பக்கத்தில் பெயரும் எழுத வேண்டும் என்று புது விதி. எனக்கு உள்ளே அனுமதியில்லை; நூலகத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறேன். பத்து நாளாக அப்பா என்னிடம் பேசுவது 'ஏறு', 'இறங்கு'.

ஏப்ரல் 16

காலையில் பால் புட்டியின் மூடியில் ஒரு டிக். பக்கத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தது.

ஊற்றி ஒரு வாய் குடித்தேன். உப்பு. செய்தித்தாளுக்குப் பின்னால் அவர் தோள் லேசாகக் குலுங்கியது.

மிச்சம் வைக்காமல் குடித்தேன்.