கிர்ஸ்டனுக்குச் சொல்ல வேண்டியவை

நியூயார்க்,
செவ்வாய்.

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? மாடலாக என்ன செய்ய வேண்டும் என்று தங்கை கிர்ஸ்டன் கேட்டிருந்தாளே, அவளிடம் சொல். மாடல் தேர்வுக்கு மேக்கப் இல்லாமல், கறுப்பு உடையில் போகட்டும். படம் எடுக்கப் பணம் கேட்பவனை நம்ப வேண்டாம்.

நேற்று ஒரு வேடிக்கை. "ரெண்டு மாசமா ஒரு வேலையும் வரலையே" என்று எனக்கு மாடல் வேலை பிடித்துத் தரும் ஏஜென்சியின் லொரேனிடம் கேட்டேன். அவள் என் போன் திரையில் இருந்த நம் குடும்பப் படத்தையே பார்த்தாள்.

"யாரு கண்ணு இந்தப் பொண்ணு? உடனே வரச் சொல்லு!"

"என் தங்கச்சி" என்றேன். வேறென்ன சொல்ல?

என் கம்பளிச் சட்டையை அனுப்பச் சொன்னேனே, வேண்டாம். அவளே போட்டுக்கொண்டு வரட்டும், இங்கே குளிர். தங்க இடம் பற்றிக் கவலைப்படாதே. ஏஜென்சி தன் மாடல்களைத் தங்கவைக்கும் வீட்டில் வெள்ளிக்கிழமை ஒரு கட்டில் காலியாகிறது, ஜன்னலோரம். என்னுடையதுதான்.

அவசரமாக,
இங்க்ரிட்