இடது கையில் ஒரு பேர்

வரதராஜன்பேட்டை
12.3.2004

பானுவின் அப்பாவுக்கு,

கமலவேணி எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பீர்கள், அதனால் கடிதத்தில் கேட்கிறேன். முந்திரி இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது.

உங்கள் மகள் போன வாரம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. திருவிழாக் கடையில் மிஷின் வைத்துப் பச்சை குத்துகிறார்களாம். உங்கள் பேரைக் கையில் குத்திக்கொள்ள வேண்டுமாம். பதினைந்து வயதில் என்னடி அவசரம் என்று கத்தினேன். நீங்களோ போனில் "ஆசப்பட்டா குத்திக்கட்டுமே" என்று சொல்லிவிட்டீர்கள். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு சொல்வது லேசு, இங்கே மல்லுக்கட்டுகிறவள் நான்.

"ஒன் கையில மட்டும் சாமி பேரு இருக்கு, எனக்கு அப்பா பேரு இருந்தா என்னா?" என்று கேட்டாள். என் கையில் இருக்கிற காசிநாதன் என்றால் காசியில் இருக்கிற சாமி என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லி வைத்தவளே நான்தானே.

மூன்றாம் நாள் உண்மையைச் சொல்லிவிட்டேன். அது என் மாமன் மகன் பேர். "இவ அவனுக்குத்தான்" என்று பெரியவர்கள் பேசி முடித்த சந்தோஷத்தில், எனக்குப் பதினாலு வயதில் அம்மாவே பக்கத்தில் நின்று இடது முழங்கைக்கு மேல் குத்த வைத்தாள். மறு வருஷம் மாமன் அவனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார். பேர் மட்டும் என் கையோடு தங்கிவிட்டது. அந்த வயதில் எது நிலைக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றேன்.

அவள் கேட்டது வேறு. "அப்பாவுக்குத் தெரியுமா? ஒண்ணும் சொல்லலியா?" என்றாள். கல்யாணமான மறுவாரம் முழங்கை வரை கை வைத்த ரவிக்கை தைத்து வந்து, "வெளியில போறப்ப போட்டுக்க, கண்டவனும் கேப்பான். வூட்டுல ஒன் இஷ்டம்" என்றீர்களே, அதைச் சொன்னேன். பதினேழு வருஷத்தில் அப்புறம் ஒரு வார்த்தை கேட்டதில்லை நீங்கள். அவள் அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படிப்பட்ட அப்பா பேரத்தான குத்திக்கிறேங்கிறேன்!" என்கிறாள்.

"நாலு வருஷமாச்சும்மா, அப்பாவ நெனச்சா போட்டோவுல இருக்குற மொகந்தான் வருது" என்றாள். அதற்கு மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உங்கப்பா வரட்டும், எதிரில் நின்று அவர் சரி என்றால் குத்திக்கொள் என்றேன். அதுவரைக்கும் என்று பேனாவால் மணிக்கட்டில் உங்கள் பேரை எழுதிக்கொள்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வேர்வையில் போய்விடுகிறது. மறுநாள் மறுபடி எழுதுகிறாள்.

முந்தாநாள் என் கையையும் இழுத்து வைத்து, அந்தப் பழைய பேருக்குக் கீழே உங்கள் பேரை எழுதிவிட்டாள். உங்கள் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, கவர் மேல் எழுதுவதோடு சரி. வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

இந்தத் தடவையாவது லீவு கேளுங்கள். சித்திரையில் வந்துவிடுங்கள். நம் வீரனார் உங்களுக்குத் துணை இருக்கட்டும். இரண்டு நாளாக இடது கையில் தண்ணீர் படாமல் குளிக்கிறேன். அதிக நாள் தாங்காது.

உங்கள்
கமலவேணி